இரண்டு வரி எழுதச் சோம்பலா?



இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். "பைத்தானில் டைப் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை சார், அதுதானே சுகம்" என்று வேலையில் இருக்கும் பிள்ளைகளே சொல்கிறீர்கள். பைத்தானுக்குள் இருக்கும்வரை சரி. சிடைப்ஸ் வழியாக ஒரு சி ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அந்தச் சுகம் முடிந்துவிடுகிறது.

காரணம் எளிது. சி கம்பைலர் ஹெடர் ஃபைலைப் படித்து எது இன்ட், எது டபுள் என்று தெரிந்துகொள்கிறது. சிடைப்ஸ் ஹெடரைப் படிப்பதில்லை. நாம் சொல்லாவிட்டால், திரும்பி வருவது இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும்.

64 பிட் லினக்ஸில் இன்ட் 4 பைட், பாயின்டர் 8 பைட். மல்லாக் தரும் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். கணினி தெரியாத உறவுகளுக்காகச் சொல்கிறேன்: கதவு எண் 1248 என்பதில் 48-ஐ மட்டும் கடிதத்தில் எழுதினால் அது யார் வீட்டுக்குப் போகும்? முகவரி சிறிய எண்ணாக அமைந்துவிட்டால் புரோகிராம் ஓடிவிடும். "என் மெஷினில் ஓடியதே" என்ற வாதம் பிறப்பது இங்கேதான்.

புரோகிராம் விழுந்தால்கூட நல்லது, தப்பு வெளியே தெரியும். விழாமல் பொய் சொல்வதுதான் ஆபத்து. வர்க்கமூல ஃபங்ஷனுக்கு 2.0 கொடுத்தால் சிடைப்ஸ் மறுத்து எரர் காட்டும். வெறும் 2 கொடுத்தால் மறுக்காது, 1.414 வரவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஒரு முழு எண்ணைத் தரும். அதே லினக்ஸில், ஐந்து ஆங்கில எழுத்துள்ள சொல்லை ஸ்ட்ரிங்காகவே ஸ்ட்ர்லென்னுக்குக் கொடுத்தால் நீளம் 1 என்று வரும். பைட்ஸாகக் கொடுத்தால்தான் 5. மருந்தின் அளவைக் கணக்கிடும் இடத்தில் இப்படி ஓர் எண் போய் உட்கார்ந்தால் யார் பொறுப்பு?

ஆர்க்டைப்ஸ் ஒரு வரி, ரெஸ்டைப் ஒரு வரி. அவ்வளவுதான் கேட்கிறேன். நேரமில்லையாம்! தப்பைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார மட்டும் நேரம் இருக்கிறதா?

அந்த இரண்டு வரியையும் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். லாங் என்பது 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4 பைட். ஹெடரைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.

டீம் லீடாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு வரி இல்லாத கோடு ரிவ்யூவுக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள். சின்னப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கணக்கில் அலகு எழுதாதவனுக்கு மதிப்பெண் குறைத்தபோது நீங்களும் சுளித்தவர்கள்தானே!

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கமெண்டில் வாருங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.