காணி விற்குமுன் கதவைப் பாருங்கள்!

1971 இல் மருத்துவ பீடம் புகத் தமிழ் மாணவனுக்கு 250 புள்ளி, சிங்கள மாணவனுக்கு 229 புள்ளி என வகுத்த அநீதியை நாம் மறந்தோமில்லை. உள்நாட்டு வாயில் குறுகவே அயல்நாட்டு வாயிலை நாடினோம்.

ஆனால், பெற்றோரே! அங்கு நுழைவதினும் பட்டத்தோடு இங்கு மீள்வதே அரிது. அப்பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருத்தல் வேண்டும். உயர்தரப் பரீட்சையில் சபை விதித்த சித்திகள் வேண்டும். மீண்டபின் சபையின் பதிவுப் பரீட்சையிலும் தேறல் வேண்டும்.

நோயாளியின் உயிர்காக்கும் இவ்விதிகளை யாம் எதிர்க்கோம். இவற்றை மறைத்துப் பணம் பறிக்கும் தரகரையே எதிர்க்கின்றோம். வயலை விற்றவனுக்கு வயலுமில்லை, மகனுக்குத் தொழிலுமில்லை என்றால் பொறுப்பாளி யார்? அத்தகையோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். அதுவரை, தரகரின் வாய்மொழியை நம்பாதீர். சபையிடம் நேரே கேட்டறிந்தபின் உறுதியில் கையொப்பமிடுங்கள்!