நம் கையே நமக்குப் பட்டறை: அடுப்படிக்கு ஓர் அரைக்கதவு

போன இதழில் எழுதின வைக்கோல் பெட்டியைச் செய்து பார்த்த சகோதரிகள் சிலர் சந்தேகம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் என் வீட்டுச் சமாசாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், இதைப் படித்து நாலு வீட்டில் ஜாக்கிரதையாக இருந்தால் போதும்.

என் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். பேரனுக்கு ஒன்றே கால் வயசு. நடக்கப் பழகின புதிது. உட்கார் என்றால் கேட்கிற வயசா அது? எங்கள் அடுப்படிக்கு நிலை மட்டும்தான் உண்டு, கதவு கிடையாது. அன்றைக்குக் காலையில் ரசத்தை இறக்கினேன். மேடையில் இடமில்லையே என்று தரையில் வைத்தேன். கொத்துமல்லியை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். பாத்திரம் சரிந்த சத்தமும் குழந்தை அலறின சத்தமும் ஒன்றாகக் கேட்டது.

இடது முன்னங்கை முழுக்கச் சிவந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடிக் குழாயில் காட்டினேன். எத்தனை நேரம் காட்டினேன்? இரண்டு நிமிஷம் இருக்குமோ என்னமோ. என் மாமியார், "இட்லி மாவைப் பூசும்மா, குளிர்ச்சி" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் நம்பினேன். பூசினேன். ஆஸ்பத்திரியில் அந்த மாவைக் கழுவி எடுக்கும்போது குழந்தை துடித்த துடிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகச் சொன்னார்கள். நீங்களும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். சுடுதண்ணீரோ குழம்போ பட்டால் ஓடுகிற சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம். ஐஸ் வைக்கக்கூடாது. மாவு, இங்க், டூத் பேஸ்ட், நெய், மஞ்சள் எதையும் பூசக்கூடாது. வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். சட்டை தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கக்கூடாது. மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் துணி போர்த்தி, பட்ட இடத்தைச் சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். சின்னக் குழந்தை என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும்.

புண் ஆறிவிட்டது. லேசான தழும்பு இருக்கிறது. என் மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அவள் திரும்ப வேலைக்குப் போக ஒரு மாசம்தான் பாக்கி. பகலில் பேரனை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சம்பந்தியம்மா போனில் விசாரித்தார்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க. அங்கே விட்டுட்டு அவ எப்படி நிம்மதியா வேலை பார்ப்பா?" என்றார்கள். நியாயமான கேள்வி. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுப்படி வாசலுக்கு ஓர் அரைக்கதவு போட்டுவிடலாம் என்று தச்சரைக் கூப்பிட்டேன். "நாளைக்கு வரேம்மா" என்றார். அந்த நாளை மூன்று வாரமாக வரவில்லை. கடைசியில் பரணிலிருந்து எங்கப்பாவின் சாமான் பெட்டியை இறக்கினேன். ரம்பம், சுத்தியல், திருப்புளி, மூலைமட்டம் எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருந்தது. என் வீட்டுக்காரர், "கையை அறுத்துக்காதே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். சரி, ஆரம்பிப்போம்.

தேவையான சாமான்கள்

என் வீட்டு வாசல் அகலம் 30 அங்குலம். உங்கள் வாசலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிலைகள் கோணலாக இருக்கும்.

2 அங்குல அகலம், 1 அங்குல கனத்தில் ரீப்பர்: 14 அடி.
1½ அங்குல அகலம், ½ அங்குல கனத்தில் சட்டம்: 18 அடி.
½ அங்குல பிளைவுட் துண்டு: 10 அங்குலத்துக்கு 30 அங்குலம்.
1¼ அங்குல ஸ்க்ரூ 4 டஜன், 1½ அங்குல ஸ்க்ரூ 1 டஜன்.
கீல் 2, தாழ்ப்பாள் 1, உப்புத்தாள், ஃபெவிகால்.

மரவாடியில் சொன்னால் அளவுக்கு அறுத்தே கொடுத்துவிடுவார்கள். முடிச்சும் வெடிப்பும் இல்லாத கட்டையாகப் பார்த்து எடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

செய்முறை

ரீப்பரில் 30 அங்குலத்தில் இரண்டு துண்டு. இவை இரண்டு ஓரத்துக்கும் நிற்கும் கால்கள். 29½ அங்குலத்தில் இரண்டு துண்டு. இவை மேலும் கீழும் வரும் குறுக்குச் சட்டங்கள். வாசலைவிட அரை அங்குலம் குறைத்திருக்கிறேன், பக்கத்துக்கு 2 நூல் இடைவெளி விட. மெல்லிய சட்டத்தில் 30 அங்குலத்தில் 7 துண்டு.

எல்லாவற்றையும் முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு தேய்க்க இடுக்கில் கை போகாது. குழந்தை கட்டாயம் வாயை வைக்கும், சிலாம்பு இருக்கக்கூடாது.

குறுக்குச் சட்டங்களைத் தரையில் போட்டு, அதன்மேல் இரண்டு கால்களையும் வையுங்கள். மேலும் கீழும் 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மூலைக்கு ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டு, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் கதவு கோணாது. மூலைவிட்டங்கள் சமமானால் அது செவ்வகம் என்று கணக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்தபோது, இது எதற்கு உதவப்போகிறது என்று நினைத்தேன். முப்பது வருஷம் கழித்து உதவியது. அளவு சரியானதும் ஃபெவிகால் தடவி மூலைக்கு இரண்டாவது ஸ்க்ரூவையும் போடுங்கள். இதற்கு 1½ அங்குல ஸ்க்ரூ.

நடுவில் 7 சட்டங்களையும் நிறுத்தினால் ஒவ்வோர் இடைவெளியும் 1 அங்குலம் 7 நூல் வரும். இந்த இடைவெளிதான் முக்கியம். தொட்டில் கம்பிக்கு இடைவெளி 2 அங்குலம் 3 நூலுக்கு மேல் போகக்கூடாதென்று அமெரிக்காவில் 1973-இல் விதி போட்டார்கள். அதற்கு மேல் போனால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். நம்முடையது அதற்கு உள்ளேயே இருக்கிறது. உங்கள் வாசல் அகலமாக இருந்தால் இடைவெளியைக் கூட்டாதீர்கள், ஒரு சட்டத்தைக் கூட்டுங்கள். சட்டத்துக்கு மேலே 2, கீழே 2 ஸ்க்ரூ, 1¼ அங்குலம். முதலில் சன்னமாகத் துளை போட்டுக்கொள்ளாவிட்டால் மரம் பிளந்துவிடும். எனக்கு முதல் சட்டம் அப்படித்தான் போயிற்று.

பிறகு பின்பக்கம் ஒரு சாய்வுக் கட்டை. கீல் வரும் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு. மாற்றிப் போட்டால் பலனில்லை, கதவு நாளாவட்டத்தில் தொங்கிப் போகும். ரீப்பரை வைத்துப் பார்த்து, குறித்து, அறுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சட்டத்தின் வழியாகவும் ஒரு ஸ்க்ரூ.

மாட்டும்போது சட்டங்கள் கூடத்துப் பக்கம், குறுக்குச் சட்டங்கள் அடுப்படிப் பக்கம். மாற்றி மாட்டினால் குழந்தைக்கு நாமே ஏணி வைத்துக் கொடுத்தது போல ஆகும். தரையிலிருந்து 1½ அங்குலம் தூக்கி மாட்டினால் கழுவிவிடும் தண்ணீர் மரத்தில் படாது. கதவு கூடத்துப் பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் பக்கத்து நிலையில், அடுப்படி ஓரமாக, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ரீப்பர் துண்டு அடித்துவிடுங்கள். குழந்தை தள்ளினால் கதவு அதில் முட்டி நின்றுவிடும்.

நான் செய்த இரண்டு தப்பு

என் கைக்கு வசதி என்று தாழ்ப்பாளை மேல் குறுக்குச் சட்டத்திலேயே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்தான். கதவைப் பார்த்தான். நுனிக்காலில் நின்று, கையை மேலாக விட்டு, தாழ்ப்பாளை இழுத்து, ராஜா மாதிரி உள்ளே வந்தான். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வாரம் தாழ்ப்பாளைக் கழற்றி, மேலிருந்து 16 அங்குலம் கீழே, அடுப்படிப் பக்கம் ஒரு சின்ன ரீப்பர் துண்டு அடித்து அதில் பொருத்தினேன். இப்போது பயல் மேலே முயன்று பார்த்துவிட்டு, கம்பி இடுக்கில் கையை விட்டுத் துழாவினான். திறந்தே விட்டான்! அதற்குத்தான் அந்த பிளைவுட். தாழ்ப்பாள் பக்கத்து மூன்று இடைவெளியையும் கூடத்துப் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ் வரை அடைத்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறு கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதான். அந்த அழுகை எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

கவனிக்க வேண்டியவை

பெயின்ட் அடிப்பதானால் புதுசாக வாங்கி அடியுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாதென்று நம் நாட்டில் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் வாங்கிப் பரணில் கிடக்கும் டப்பாவைத் தொடாதீர்கள். கடிக்கிற குழந்தைக்கு ஈயம் விஷம்.

கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல், பக்கெட் எதையும் வைக்காதீர்கள். மாசத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். மாடிப்படி உச்சியில் போடுவதானால் படியின் பக்கம் திறக்காதபடி மாட்டுங்கள். குழந்தை ஏறித் தாண்ட ஆரம்பித்துவிட்டால் கதவைக் கழற்றிவிட வேண்டும், இருந்தால்தான் ஆபத்து.

முக்கியமாக ஒன்று. கதவு இருக்கிறது என்று ரசத்தைத் தரையில் வைக்கலாமா? கூடவே கூடாது. என் மேடையில் இருந்த டப்பாக்களையெல்லாம் ஷெல்ஃபுக்கு ஏற்றிவிட்டேன். கொதிக்கிற பாத்திரம் மேடையின் உட்பக்கம், பிடி சுவரைப் பார்த்தபடி. அரைக்கதவு நமக்கு இரண்டு விநாடி வாங்கிக் கொடுக்கும். மீதியை நம் கண்தான் பார்க்க வேண்டும்.

என் மகள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். தாழ்ப்பாளைக் குனிந்து தடவிப் பார்த்தாள். "நீயேவாம்மா பண்ணினே?" என்றாள். பிறகு, "முதல்லே ஒரு வாரம் விட்டுப் பார்க்கறேன்" என்றாள். எனக்கு அது போதும். இதை எழுதும்போது நாலாவது நாள். பயல் கதவுக்கு அந்தப் பக்கம் கரண்டியால் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் சந்தேகம்

வைக்கோல் பெட்டியில் கறிக்குழம்பு வைக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அரிசி, பருப்பு, கிழங்கு மாதிரி நிம்மதியாகக் கறியை விட முடியாது. அடுப்பில் நன்றாகத் தளதளவென்று பதினைந்து நிமிஷம் கொதித்த பிறகே மூடிப் பெட்டியில் வைக்க வேண்டும். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கட்டும். கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் ஆறிப்போகும். சூடு 60 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் கிருமி வளர ஆரம்பித்துவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே எடுத்து, மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவிடாதீர்கள்.

வைக்கோல் ஈரமாகிவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஆவி இறங்கியிருக்கும். வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பூசணம் பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய கம்பளியும் பஞ்சும் அதே வேலையைச் செய்யும்.

அடுத்த இதழில், மீதமான ரீப்பர் துண்டுகளில் பூண்டு, வெங்காயம் காற்றாட வைக்க ஒரு தட்டு. நீங்கள் செய்ததையும் எழுதுங்கள். தப்பாக வந்ததை முதலில் எழுதுங்கள். அதில்தான் மற்றவர்களுக்கு உபயோகம் அதிகம்.