பழைய வண்டின்னா அப்படித்தானா?

பதிவு கொஞ்சம் நீளம். 40 நிமிஷ பீரியடை என்னோடு உட்கார்ந்து கழித்தவர்கள் இதையும் படித்துவிடுவீர்கள்.

போன மழையில் நம் குடும்ப குரூப்பில் ஒரே வாரத்தில் மூன்று பேர் புலம்பினார்கள். "கார்ல தண்ணி வருது, வித்துடலாம்னு இருக்கோம்." விசாரித்தால் மூன்றும் ஒரே கதை. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருக்கிறது. காட்டின இடத்தில் எல்லாம் ஒரே பதில், "பழைய வண்டின்னா அப்படித்தான்." எனக்குக் கோபம் வண்டி மேல் இல்லை, இந்த வாக்கியத்தின் மேல். கூரையில் நாலு ஓடு உடைந்தால் வீட்டையா விற்கிறோம்?

ரப்பர் ஏன் கெடுகிறது? வண்டிக்கு வயசானதால் அல்ல. ரப்பருக்கு வயசானதால். இரண்டும் வேறு. இயற்கை ரப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி, நடுநடுவே இரட்டைப் பிணைப்புகள். காற்றில் இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்பைத்தான் போய் வெட்டும். "ஓசோன் நல்லதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்று யாராவது கேட்பீர்கள். வானத்தின் உச்சியில் இருக்கிற வரைக்கும் நல்லது. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் உண்டாக்குகிற ஓசோன் நுரையீரலுக்கும் ஆகாது, ரப்பருக்கும் ஆகாது. வேலூர் வெயிலும், ராத்திரி பகல் ஓயாத பெங்களூரு நெடுஞ்சாலையும் இருக்கிற ஊரில் அதற்கா பஞ்சம்?

இதனால்தான் கார் கம்பெனிகள் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பருக்குப் போயின. அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது, ஓசோன் கடிக்க இடமில்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் கதவு அமுக்கி அமுக்கி அதுவும் ஒரு நாள் தட்டையாகி, திரும்ப எழும்பாமல் போகும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் சோல் செக்ஷனில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். "ஷோர் ஏறிடுச்சு" என்று சோலைத் திருப்பி அனுப்புகிறீர்களே, அதே கதைதான். ஏற்றுமதி ஷூவில் அரை மில்லி இடைவெளி தெரிந்தால் விடாத நீங்கள், சொந்தக் காரில் விரல் நுழைகிற இடைவெளியை விட்டுவைத்திருக்கிறீர்கள்.

என் வண்டி 2008 மாருதி 800. 2023இல் 15 வருஷம் முடிந்ததும் பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் போன் செய்தான், "அத்தே, அந்த டப்பாவை ஸ்கிராப்புக்குப் போடுங்க, சட்டம் வந்துடுச்சு." அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. டெல்லி விவகாரம் வேறு. இங்கே வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தால் அடுத்த 5 வருஷம் ஓட்டலாம். கட்டணம்தான் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. அதையும் கட்டினேன். நாலு கதவுக்கும் டிக்கிக்கும் புது ரப்பர் போட்ட செலவு அந்தக் கட்டணத்தைவிடக் குறைவு. இருக்கும் வண்டியை விற்றுவிட்டுப் புதுசுக்குத் தவணை கட்டச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுவதில்லை.

போடாவிட்டால்தான் செலவு. உள்ளே வரும் தண்ணீர் மேட்டுக்கு அடியில் இறங்கும், அங்கேயே நிற்கும், தரைத் தகடு துருப்பிடிக்கும். மேட்டைத் தூக்கிப் பார்க்கிறவர் நம்மில் யார்? இரண்டு மழைக்காலம் போனால் வெல்டிங். அதற்கப்புறம் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும், வண்டி பழசு!

இதைவிட முக்கியமான ஒன்று, டிக்கி ரப்பர். தண்ணீர்கூட அப்புறம். வண்டி ஓடும்போது அதன் பின்பக்கம் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை அங்கேதான் சுழலும். டிக்கி ரப்பர் விட்டுப்போயிருந்தால் அந்தப் புகை உள்ளே இழுக்கப்படும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பின்சீட்டில் தூங்குவது நம் பேரப்பிள்ளைகள். நீண்ட பயணத்தில் பின்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் "வண்டி ஒத்துக்கலை" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, வண்டியை ஓரம் கட்டி, பிள்ளைகளை வெளியே இறக்குங்கள். பிறகு ரப்பரையும் சைலன்சரையும் பாருங்கள்.

சோதிப்பது எளிது. ஒரு பேப்பர் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடம் போயிற்று. சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒரு தடவை பாருங்கள். நம் பக்கத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று வழியை அடைத்துக்கொண்டு மேல்விஷாரத்தையோ ஆம்பூரையோ தாண்டுங்கள். தோல் ஷெட் வாசம் சட்டென்று உள்ளே வந்தால் ரப்பர் சரியில்லை. (அந்த வாசத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். என் வகுப்பில் பாதிப் பேருக்கு ஃபீஸ் கட்டினது அதுதான்.)

இனி கைவைத்தியக்காரர்கள். வாட்டர் வாஷில் ரப்பர் பளபளக்க டீசல் துணியால் துடைக்கிறார்கள். தடுத்து நிறுத்துங்கள். பெட்ரோலிய எண்ணெய் ஈபிடிஎம்மை ஊதவைத்து இளக்கிவிடும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. லீக்கை அடைக்கிறேன் என்று அதிலே சிலிக்கான் பூசிவிடுகிறார்கள். கதவுக்குள் குளம் கட்டுகிற வேலை அது. ரப்பர் வாங்கும் முன் ஒரு குச்சியால் அந்த ஓட்டைகளைக் குத்திவிடுங்கள், சில வண்டிக்கு வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

மாற்றும்போது உங்கள் மாடலுக்கென்று வரும் பீடிங்கைக் கேளுங்கள். பழையதில் ஒரு துண்டை வெட்டிக் கையில் கொண்டுபோனால் கடைக்காரர் மழுப்ப முடியாது. தகட்டைக் கவ்விப் பிடிக்கும் வகைக்கு கம் தேவையே இல்லை. கம் டப்பாவை எடுத்தால் ஏன் என்று கேளுங்கள். பழசைக் கழற்றியதும் தகட்டில் துரு இருக்கிறதா பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்த பிறகுதான் புதுசு. ஜாயின்ட் கதவின் அடிப்பக்கம் வரவேண்டும். இழுத்து இழுத்துப் பொருத்தவிடாதீர்கள், பிறகு சுருங்கி மூலையில் தூக்கிக்கொள்ளும்.

புது ரப்பரோடு கதவு சில நாள் அடித்துத்தான் மூடும். அதற்காக லாக்கைத் திருகிவிடாதீர்கள், ரப்பர் படிந்ததும் சரியாகும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். டிக்கியை மட்டும் இன்று சாயங்காலமே பார்த்துவிட்டு, என்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள்.