எட்டும் எட்டாப்பும்

1988ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டம், நாலாம் பிரிவு, வயசைத்தான் கேட்கிறது. 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லாத வண்டிக்கு 16. மற்றதுக்கு 18. லாரி, பஸ், வாடகை வண்டிக்கு 20. அப்புறம் கண் தெரியணும், ஓட்டத் தெரியணும். சாதியைக் கேட்கவில்லை. லைசென்ஸ் இருந்தால் இந்தியா முழுக்க எந்தப் பொதுச் சாலையிலும் வண்டி விடலாம். ஊர்த்தெரு பொதுச் சாலையா இல்லையா என்பதுதான் நம்ம வழக்கு.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடி, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளு என்று சொன்ன தெருக்கள் வழியாக வந்தவர்களின் பிள்ளைகள் நாம். அதெல்லாம் பழங்கதை என்று நம்ம தோழர்களிலேயே சிலர் பேசுகிறார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட்டில் போன தலித் கல்லூரி மாணவரை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றார்கள் வீட்டார். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிந்து மூன்று பேரைக் கைது செய்தார்கள். வெட்டு விழுந்தது கையில். ஆக்சிலேட்டரைத் திருகுகிற கை.

ஆளே வேண்டாம், பெயரே போதும். 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கலவரம் செய்தன. அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. சமத்துவம்!

பதினெட்டு முடிந்த மாசமே நான் எல்.எல்.ஆர். போட்டேன். வண்டி இரவல். ஓட்டச் சொல்லிக் கொடுத்தது பெரியம்மா மகன். காய்ந்து கிடந்த வைகைக்குள் கல்பாலத்துப் பக்கம் இறுகின தரையாகப் பார்த்து, சுண்ணாம்பில் எட்டுப் போட்டுக் கொடுத்தார். கால் ஊன்றினால் பொடதியில் ஒரு அடி. நான் பாஸானேன். வேனோ லாரியோ, எதைக் கொடுத்தாலும் அண்ணன் ஓட்டுவார். ஆனால் அதை ஓட்டிச் சம்பாதிக்க அவருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. "எட்டு வருதுடா தம்பி, எட்டாப்புதான் வரல" என்றார் சிரித்துக்கொண்டே.

தொழில் வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது மத்திய மோட்டார் வாகன விதிகளின் எட்டாம் விதி. ஆறாவதோடு செங்கல் சூளைக்குப் போனவன் யார்? மாடு மேய்க்கப் போனவன் யார்? அதை அந்த விதி கேட்கவில்லை. பாதுகாப்புக்காக என்றார்கள். வளைவு, பாலம், பள்ளிக்கூடம், சாலையில் பாதிக்கு மேல் படம்தானே? ஓட்டிக் காட்டச் சொல்லிக் கறாராகச் சோதிக்கட்டும், நல்லது. பள்ளிச் சான்றிதழ் பிரேக் பிடிக்காது.

2019இல் விதியை எடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை என்றும் சொன்னார்கள். கூடவே சொன்ன கணக்கு, சரக்குப் போக்குவரத்தில் ஏறக்குறைய 22 லட்சம் ஓட்டுநர் பற்றாக்குறை. ஆள் கிடைக்காதபோதுதான் நம்ம ஆள் கண்ணில் படுகிறான். அண்ணன் அதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்.

விலாசம் இன்னொரு சங்கதி. என் லைசென்ஸில் 'காலனி' என்று இருக்கிறது. வண்டியை மறிக்கிற போலீஸ்காரர் முகத்தைப் பார்க்கும் முன் அந்தச் சொல்லைப் படித்துவிடுவார். அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரவேற்போம். அறிவிப்பு அட்டை வரைக்கும் வந்து சேரணும்.

சிம்மக்கல் மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற நம்ம பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். டிகிரி இருக்கும், லைசென்ஸ் இருக்காது. பெண் தோழர்களிடம் சுத்தமாக இருக்காது. அதைத் தடுத்தது ஊர்க்காரன் மட்டுமில்லை, நம்ம வீட்டு ஆண்களும்தான். சேரிகளில் மாலைப் பள்ளி நடத்துகிற அமைப்புகள் வாரத்தில் ஒருநாள் இந்த வேலையைக் கையில் எடுக்கலாம்: விண்ணப்பம் நிரப்ப, சின்னங்கள் படிக்க, புரோக்கர் இல்லாமல் ஆபீசுக்குக் கூட்டிப்போக. எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும். முப்பது நாள் கழித்து எட்டுப் போடப் போகலாம்.