காடுன்னா மரம் மட்டுமில்லீங்க

கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டாத்தான் எங்க பக்கம் நெல்லு நடவு. சுமார் 2 லட்சம் ஏக்கர் இதை நம்பி இருக்கு. தண்ணி பவானிசாகர் அணையில இருந்து வருது, சரி. அணைக்கு?

நீலகிரி உச்சியில சோலைக்காடும் அதைச் சுத்தின புல்வெளியும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கும். மழை நின்ன பிறகும் கொஞ்சங் கொஞ்சமா ஓடையில விடும். அதுதான் பவானிக்கும் மாயாத்துக்கும் வருது. கோயமுத்தூர்ல குடிக்கிற பில்லூர் தண்ணியும் பவானி தண்ணிதான். தோடர்களோட எருமை மேயுறதும், அவங்க கோயில் கூரைக்குப் புல் அறுக்கிறதும் அந்தப் புல்வெளியிலதான்.

அதைப் போய் வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே 'சும்மா கெடக்குற நிலம்'னு நெனச்சு சீகையும் கற்பூர மரமும் நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் நிறுத்தல. பார்க்கப் பச்சையாத்தான் இருக்கும். ஆனா சீகை மண்டுன இடத்துல பழைய புல்லு இருக்காது, கற்பூர மரம் தண்ணியை இழுத்துக்கும். இப்ப அதுகளை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியதாச்சு.

மரம் நடுறவங்க மேல எனக்குக் கோபமில்லீங்க, என் வரப்புலயும் வேம்பு நிக்குது. மரக்கன்னுக்குப் பணம் குடுக்குறதுக்கு முன்னாடி எந்த நிலத்துல நடுறாங்கன்னு மட்டும் கேளுங்க. மலைப் புல்வெளின்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.