கைப்பேசியோ, தனிக்கருவியோ?

விண்மீனை நோக்கி வழியறிந்தனர் நம் முன்னோர். இன்றோ, ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் நாம் நிற்குமிடத்தை நமக்கு அறிவிக்கின்றன. அவற்றின் துணைகொண்டு ஆடப்படுவதே ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு. ஒருவர் சிறு பெட்டியொன்றை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை வெளியிடுவர். தேடிச்செல்வோர் அதனைக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டில் தம் பெயரெழுதி, பெட்டியை முன்போலவே வைத்து மீள்வர். பொதுமக்களுக்குரிய ஜி.பி.எஸ். குறிப்பில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நீக்கிற்று. மறுநாளே டேவ் அல்மர் என்பார் ஆரிகன் மாநிலத்தில் முதற்பெட்டியை மறைத்தார்.

இவ்விளையாட்டை மேற்கொள்ள விரும்பும் மாணவர், கையிலுள்ள ஸ்மார்ட்போன் போதுமா, தனி ஜி.பி.எஸ். கருவி வேண்டுமா என வினவுகின்றனர். பணம் பெற்றோருடையதாகலின், இவ்வினாவை எளிதாகத் தள்ளுதல் தகாது.

பரவை என்னும் சொல்லுக்குப் பரப்பு என்பதும் ஒரு பொருள். அப்பெயருக்கேற்ப, வைகையின் வடபால் உள்ள பரவையூரின் கண்மாய்க்கரையும் வயல்வெளியும் வானந் திறந்து கிடப்பன. திறந்த வானின்கீழ்க் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் அளவிற்குள் இடத்தைக் காட்டவல்லது. அலைபேசிக் கோபுரம் எட்டாதவிடத்து அது பயன்படாது என்பார் கூற்றுப் பொருந்தாது. இடத்தை அறிவிப்பது துணைக்கோளே. கோபுரமோ அதனை விரைவில் அறியவும் படத்தைத் தருவிக்கவும் உதவும் அவ்வளவே. படத்தை வீட்டிலேயே சேமித்துக்கொண்டால் அக்குறையும் நீங்கும். ஆகவே சமவெளிக்கு வேறு கருவி வாங்குதல் வீண்செலவு.

ஆனால் ஆற்றைக் கடந்து நாகமலையில் ஏறுவோமாயின் நிலைமை வேறு. வெயிலிற் காய்ந்த பாறைமேல், திரை ஓயாது ஒளிரும் கைப்பேசி சூடேறி மங்கும். சிலபோது தானே அணைந்தும் விடும். தனிக்கருவியோ தூறலையும் மோதலையும் தாங்குமாறு செய்யப்பட்டது. அதன் திரை வெயிலிலும் தெளிவாகத் தெரியும். கார்மின் ஈட்ரெக்ஸ் 10 போன்றது இரண்டு பென்சில் செல்களைக்கொண்டு 25 மணி நேரம்வரை இயங்கும்; அவை தீர்ந்தால் வேறிரண்டை இட்டுக்கொள்ளலாம்.

இவையனைத்தினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. தோழன் ஒருவன் கால் பிசகி வீழ்ந்தால், உதவிக்கு எவரை எதனால் அழைப்பது? தேடுதலிலேயே மின்னை இழந்த கைப்பேசி அவ்வேளையில் ஊமையாகும். நள்ளிரவில் எண்ணெயின்றித் தவித்த கன்னியரின் உவமையை ஆலயத்தில் கேட்டிருந்தும், நாம் ஒரே விளக்கை இருவேலைக்கும் எரிக்கலாமோ?

பவர் பேங்க் எடுத்துச்சென்றால் போதாதா என்பர் சிலர். அது மின்னைத் தரும். சூட்டைத் தணியாது, உடைந்ததை ஒட்டாது. எத்துணைப் பெரிய கருவியும் கெடும். லாம்டன் துரை நிலமளந்த அரை டன் எடையுள்ள தியோடலைட்டும் 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலேற்றப்படுகையில் கயிறறுந்து பழுதுற்றதன்றோ?

எனவே நமது துணிபு இது: சமவெளியிற் கைப்பேசியே போதும். மலைக்குச் செல்லும் குழு, ஆளுக்கொன்று வாங்காது, பொதுப்பணத்தில் ஒரேயொரு தனிக்கருவி வாங்குக. ஒரு கைப்பேசியையேனும் முழு மின்னுடன் அணைத்துப் பையில் வைத்திருக்க.

எக்கருவியாயினும் இறுதி ஐந்து மீட்டர் நம் கண்ணுக்கே உரியது. மனச்சான்றுக்குரியதும் ஒன்றுண்டு. கீழக்குயில்குடிச் சமணர்மலையின் தீர்த்தங்கரர் சிற்பங்கள் காக்கப்படும் தொல்சின்னங்கள். அவற்றினருகே பெட்டி மறைத்தல் அடாது. பிறர் நிலமாயின் உடையவரைக் கேட்டே மறைத்தல் வேண்டும். இவ்வறிவை எத்துணைக்கோளும் நமக்கு அனுப்பாது.