கடலுக்கு 4 டிஎம்சி

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஆகாய கங்கையைப் பார்க்கிற கூட்டத்தில் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்: "இவ்ளோ தண்ணியும் கடைசில கடல்லதான போய் வீணாகுது." அய்யாறு மலையிறங்கி, திருச்சி மாவட்டத்தில் காவிரியோடு சேர்ந்து கடலுக்குப் போவது உண்மைதான். அந்த 'வீண்' மட்டும் பொய். அதைத்தான் மேடைக்கு மேடை சொல்கிறார்கள்.

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. வங்கக்கடலின் வடக்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைநீரைக் கொட்டி முடித்ததும் மேற்பரப்பில் அது 30க்கும் கீழே இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் அந்த நீரை நம் கரையை ஒட்டித் தெற்கே இழுத்து, இலங்கையைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பிப்ரவரி வாக்கில் அதே நீரோட்டம் திசை மாறி, உப்பு கூடிய நீரோடு வடக்கே ஓடுகிறது. உப்பு குறைந்த நீர் லேசானது. மூடிபோல் மேலே படுத்துக்கொள்ளும். காற்றால் அதைக் கலக்க முடியாது, அடியிலுள்ள சத்து மேலே வராது. அரபிக்கடல் அளவுக்கு இங்கே மிதவைப் பாசி விளையாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"அப்ப ஆத்துத் தண்ணி வராம இருந்தா நல்லதுதானே?" என்பார்கள். நடுக்கடல் கணக்கு வேறு, கழிமுகக் கணக்கு வேறு. கங்கைக்கு முன்னால் காவிரி சுண்டைக்காய். வங்கக்கடலின் உப்பை அது மாற்றப்போவதில்லை. ஆனால் முத்துப்பேட்டைக்கு அதுதான் எல்லாம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் உப்பு குறைந்த கழிமுகத்தில் வளர்ந்துதான் கடலுக்குத் திரும்புகின்றன. காவிரி வரத்து சுருங்கிய முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கோடையில் உப்பு கடலையே மிஞ்சுகிறது. காட்டின் பெரும்பகுதியை இன்று பிடித்து நிற்பது அந்த உப்பைத் தாங்கும் அவிசென்னியா மெரினா என்ற ஒரே மரம். வங்காளிகள் கொண்டாடும் ஹில்சா, நம் உல்லம் மீன், ஒருகாலத்தில் முட்டையிடக் காவிரியில் ஏறியது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் அந்த மீன்பிடிப்பு சரிந்தது.

டெல்டா விவசாயியின் பங்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. முகத்துவாரத்துக்கும் ஒரு பங்கு எழுதுங்கள் என்கிறேன். 2007இல் காவிரி நடுவர் மன்றம் பிரித்த 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்கவே முடியாமல் கடலுக்குத் 'தப்பிப் போவது' என்று ஒரு 4. கொடுத்ததல்ல, தப்பியதாம்! 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கையும் நம் பங்கையும் திருத்தியது. இந்த இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன.